நாகர்கோவில் ரியா

ஜூலை 5, சனி

மூட்டுவலி மாத்திரைக் கம்பெனி ரெப் கொடுத்த டைரி இது. ஆறு மாதமாக மெடிக்கல்ஸில் என் மேஜைக்கு அடியில் கிடந்தது. இன்றைக்கு எழுதாவிட்டால் யாரையாவது கடித்துவிடுவேன் போலிருந்தது. எடுத்துவிட்டேன்.

மிதுனாவின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். பத்தாம் வகுப்பாயிற்றே, மார்க்கைப் பற்றிப் பேசுவார்கள் என்று அனுமதி கேட்டுப் போனால், ஒரு பெண் எஸ்.ஐ.யைக் கூட்டிவந்து உட்காரவைத்திருக்கிறார்கள். முகம் தெரியாத ஆட்கள் பிள்ளைகளோடு இன்ஸ்டாவில் எப்படிப் பழகுகிறார்கள், எப்படிப் போட்டோ வாங்குகிறார்கள், வாங்கிவிட்டு எப்படி மிரட்டுகிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"போனைப் புடுங்காதீங்க. புடுங்குனா வேற போன்ல போவாங்க. அம்மான்னு அதிகாரம் பண்ணாதீங்க. ஒரு தோழியா இருங்க" என்று முடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

தோழியாம்! மிதுனா சாப்பிடும்போதும் போன், படுக்கும்போதும் போன். நான் பக்கத்தில் போனால் போனைக் கவிழ்த்து வைக்கிறாள். என்னிடம் பேசுவது மொத்தமே "ம்", "தெரியாது", "வை, சாப்பிடுதேன்" இவ்வளவுதான். இவளுக்குத் தோழியாக நான் எந்த வாசல் வழியாக நுழைவது? இவரிடம் சொல்லலாம் என்றால் இவர் கயத்தாற்றில் காற்றாடிக்கு மேலே நிற்கிறார். ஆனி தொடங்கினால் ஆவணி வரை காற்று சீசன்; காற்றாலைக்காரன் பெண்டாட்டி புருஷன் இல்லாதவள் மாதிரிதான். வாரத்துக்கு ஒருநாள் வந்து, துணியைப் போட்டுவிட்டு, தூங்கிவிட்டுப் போவார்.


ஜூலை 7, திங்கள்

கடையில் என்னோடு வேலை பார்க்கும் பெர்பெத்து, மிதுனாவின் இன்ஸ்டா பக்கத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். வெறும் படங்கள்தான். நானூறு பேருக்கு மேல் பின்தொடர்கிறார்கள். ஒரு பெயர்கூட எனக்குத் தெரியவில்லை. பாதி ஆம்பளைப் பெயர்.

"யக்கா, பேசாம நீங்களே ஒரு அக்கவுண்டு ஆரம்பிச்சு உள்ள போங்க. பொண்ணு பேர்ல. யாருகிட்ட என்ன பேசுதான்னு தெரிஞ்சுபோவும்லா" என்றாள் விளையாட்டாக. நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. எஸ்.ஐ. தோழியாக இருக்கத்தானே சொன்னார்?

பெயர் ரியா. ஊர் நாகர்கோவில். பத்தாம் வகுப்பு. முகத்துக்கு ஒரு பூனைப் படம். "முழு வாக்கியமா எழுதாதீங்கக்கா, எங்கயும் முற்றுப்புள்ளி வைக்காதீங்க, ரெண்டு வரிக்கு ஒரு சிரிக்கிற பொம்மை போடுங்க" என்று பெர்பெத்து பாடம் நடத்தினாள். மத்தியானம் கூட்டம் இல்லை. நல்லதாகப் போயிற்று.


ஜூலை 9, புதன்

ரியா அனுப்பிய "ஹாய்" ஏற்கப்படாமல் கிடக்கிறது; இன்னும் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பெருமையாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது.


ஜூலை 11, வெள்ளி

சேர்த்துக்கொண்டாள்! "உன் படம் சூப்பர் டி" என்று எழுதினேன். "தேங்க்ஸ் டி" என்று வந்தது. கடையில் ஒரு ஆள் இருமல் மருந்துக்கு நிற்கிறார், நான் போனைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

படங்களை இன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன். காற்றாடிகளை மனுஷர்களாக வரைந்திருக்கிறாள். ஒரு காற்றாடி தலை சீவுகிறது. ஒன்று திண்பண்டக் கடையில் கடலைமிட்டாய் வாங்குகிறது. இரண்டு காற்றாடிகள் குழாயடியில் சண்டை போடுகின்றன. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு குசும்பா? வீட்டில் உம்மணாமூஞ்சியாக உட்கார்ந்திருக்கிறதே!

ஒரு காற்றாடிக்குக் கொண்டை போட்டிருந்தாள். மூன்று கையையும் சுழற்றிக்கொண்டு கத்துகிறது. கீழே "எங்க அம்மா" என்று எழுதியிருந்தாள். அதற்குத்தான் நிறைய இதயம் விழுந்திருக்கிறது. நானும் ஒன்று போட்டேன். போடாவிட்டால் சந்தேகம் வருமே.


ஜூலை 15, செவ்வாய்

தினமும் பேசுகிறோம். சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தவுடன் ஆரம்பித்து, ஏழு மணிக்கு நான் கடையைவிட்டுக் கிளம்பும் வரைக்கும். அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தால் எனக்கு வேலை ஓடவில்லை. நேற்று ஒரு பாட்டியம்மாவுக்கு சர்க்கரை மாத்திரைக்குப் பதில் பிரஷர் மாத்திரையை எடுத்துவிட்டேன். நல்லவேளை, பெர்பெத்து பார்த்துவிட்டாள்.

"உங்க அம்மா எப்படி" என்று கேட்டேன். "எங்க அம்மாவுக்கு நான் ஒரு மார்க் ஷீட் அவ்ளோதான்" என்று எழுதினாள். அப்படியா சங்கதி. பெற்று வளர்த்து, ஐந்து வயது வரை நெஞ்சிலேயே போட்டுத் தூங்க வைத்தவளுக்கு இதுதான் பட்டம். "எங்க அம்மாவும் கத்துவாங்க. ஆனா பயத்துல கத்துறாங்க டி. பாவம்" என்று பதில் போட்டேன். பிறகு "இருக்கலாம்" என்று வந்தது.

வீட்டுக்குப் போனவுடன் ஆசையாகப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "என்னம்மா?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

காலையில் பாதி இட்லியோடு எழுந்து ஓடுகிறாள். அதனால் ரியாவாகத் தினமும் "சாப்டியா டி" என்று கேட்டுக்கொள்கிறேன். நான் கேட்டால் "ம்". ரியா கேட்டால் "சாப்ட்டேன் டி, ரெண்டு தோசை". பொய்தான். இருந்தாலும் கேட்க நன்றாக இருக்கிறது.


ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. காற்று இன்னும் அதிகமாயிருக்கிறது. கடை ஷட்டர் நாள் முழுக்க ஆடுகிறது, என் மண்டைக்குள் யாரோ தட்டுவது மாதிரி.

சும்மா பேசிக்கொண்டிருந்தால் போதுமா? பிள்ளை வெளி ஆளிடம் எவ்வளவு ஏமாறும் என்று தெரிய வேண்டாமா? எஸ்.ஐ. சொன்னதை எல்லாம் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். "உன் முகமே பாத்ததில்லையே, ஒரு போட்டோ அனுப்பேன்" என்றேன். "இல்ல டி, நான் போட்டோ அனுப்புறதில்ல" என்றாள். சபாஷ்! "எந்த ஸ்கூல்" என்றேன். சிரிக்கிற பொம்மை மட்டும் வந்தது. "சாயங்காலம் வீட்ல தனியாவா இருப்ப, அம்மா எப்ப வருவாங்க" என்றேன். "ஏன் கேக்குற" என்று கேட்டாள்.

எவ்வளவு விவரம் பாருங்கள்! இவரிடம் போனில் சொல்லிச் சந்தோஷப்பட வேண்டும்போல் இருந்தது. எப்படித் தெரியும் என்று கேட்பார். விட்டுவிட்டேன்.


ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. காலையில் எண்ணெயைக் காய்ச்சி, சீயக்காயைக் கரைத்து வைத்துக்கொண்டு கூப்பிட்டால், "நேரமாச்சு, இதெல்லாம் யாரு இப்பப் பண்ணுதா" என்று ஓடிவிட்டாள். வெள்ளியும் செவ்வாயும் பெண்பிள்ளை தலைக்கு எண்ணெய் வைக்காவிட்டால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? கண்ணெல்லாம் எரிகிறது என்று போனவாரம் அவள்தான் சொன்னாள்.

மனசு கேட்கவில்லை. சாயங்காலம் ரியாவை விட்டுக் கேட்டேன். "இன்னிக்கு ஆடி வெள்ளியாச்சே, எண்ணெய் தேச்சுக் குளிச்சியா டி. நான் நல்லா ஊற வச்சுக் குளிச்சேன், உடம்புச் சூடெல்லாம் போயிடுச்சு. நீயும் குளி" என்று எழுதினேன். தோழி சொன்னால் கேட்பாள் அல்லவா?

பார்த்துவிட்டாள். பதில் இல்லை.


ஜூலை 20, ஞாயிறு

நேற்று மத்தியானம் சிறப்பு வகுப்பு முடிந்து, தலையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கினாள். நான் அரைநாள் லீவில் வீட்டில் இருந்தேன். "தைலம் போடுதேன், வாட்டி" என்றேன். "வேண்டாம்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே முனகும் சத்தம் கேட்கிறது, கதவு திறக்கவில்லை. அடுப்படியில் நின்றுகொண்டு ரியாவாக, "தலைவலி எப்படி இருக்கு, தைலம் போட்டியா" என்று அனுப்பினேன்.

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. தலைவலி என்று அவள் ரியாவிடம் சொல்லவேயில்லை. சரி, இதையெல்லாம் அவள் எங்கே கவனிக்கப்போகிறாள்.


ஜூலை 22, செவ்வாய்

ரியாவிடம் மூன்று நாளாகப் பேச்சில்லை. வீட்டிலும் ஒரு மாதிரி இருக்கிறாள். தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தித் திரை போட்டுவிட்டாள். காற்று வேண்டாமா என்றால், "தூசி வருது" என்கிறாள். யாராவது காலிங் பெல் அடித்தால் துள்ளி விழுகிறாள். நான் கடைக்குக் கிளம்பும்போது, "இன்னைக்கு லீவு போடேன்மா" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவள் என்னை இரு என்று சொல்லி எத்தனை வருஷம் ஆயிற்று?

எவனோ தொந்தரவு கொடுக்கிறான். சந்தேகமே இல்லை. அந்த நானூறு பேரில் எவனோ ஒருத்தன். "என்ன ஆச்சு டி, யாராவது உன்ன மிரட்டுறாங்களா, என்கிட்ட மட்டும் சொல்லு, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று ரியாவிலிருந்து அனுப்பினேன். அதற்கும் பதில் இல்லை. அவன் மட்டும் என் கையில் கிடைத்தால் ஊசியைக் கண்ணிலேயே குத்துவேன்.


ஜூலை 24, வியாழன்

காற்றாடிப் படங்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டாள். ஒன்றுகூட இல்லை.


ஜூலை 25, வெள்ளி

இரண்டாம் வெள்ளி. எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போயிற்று. "எனக்கு வேண்டாம், எனக்கு வேண்டாம்" என்று கத்திவிட்டு அழுகிறாள். எண்ணெய்க்கு அழுகிற பிள்ளையை நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

அப்புறம் குளியலறைக்குப் போனேன். மேலே இருக்கிற சின்ன ஜன்னலில் அட்டைப்பெட்டியைக் கிழித்து, செல்லோ டேப் போட்டு மூடியிருக்கிறாள். பூனை வருகிறதாம். எவன்டா அவன்? என் பிள்ளையை என்னடா செய்தாய்?


ஜூலை 27, ஞாயிறு

மத்தியானம் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வந்து பக்கத்தில் நின்றாள்.

"ம்மா, ஒண்ணு சொன்னா கத்த மாட்டியே?"

"மாட்டேன்."

"போனைப் புடுங்க மாட்டியே?"

"இல்லட்டி, சொல்லு."

போனை நீட்டினாள். "இது பொண்ணு இல்லம்மா. ஏதோ ஆம்பள. வயசான ஆளு. பொண்ணு மாதிரி நடிக்கான்."

பூனைப் படம். ரியா. நாகர்கோவில்.

"எப்படி... எப்படிச் சொல்லுத?"

"பத்தாவது படிக்கிற பொண்ணு யாரும்மா எப்பப் பாத்தாலும் சாப்டியா, சாப்டியான்னு கேப்பா? போட்டோ கேக்கான். வீட்ல தனியாவா இருப்பேன்னு கேக்கான். நீ எப்ப வருவேன்னு கேக்கான். இங்க பாரு..." திரையை விரலால் மேலே தள்ளினாள். "எண்ணெய் தேச்சுக் குளிச்சியான்னு கேக்கான்மா. உடம்புச் சூடுங்கான். அசிங்கமா இருக்கு. அதுக்கப்புறம் பாரு, எனக்குத் தலைவலின்னு இவனுக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லவே இல்ல. இவன் நம்ம வீட்டப் பாத்துட்டே இருக்கான்மா."

வாசித்தேன். நான் எழுதியதை எல்லாம் அவள் கண்ணால் வாசித்தேன். ஒவ்வொரு வரியும் நாறியது. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், என்கிட்ட மட்டும் சொல்லு. சீ!

"நான் எதுவுமே குடுக்கலம்மா. சத்தியமா. என்னைத் திட்டாத" என்று என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். என்னவோ அவள் தப்புச் செய்த மாதிரி.

அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் என் பிள்ளை என்னிடம் வந்திருக்கிறாள், என் தோளில் சாய்ந்திருக்கிறாள். சொன்னால் இது போய்விடும். "நான் பாத்துக்கிடுதேன். இனிமே அவன் வர மாட்டான்" என்றேன். இரண்டு பேருமாக ரியாவை பிளாக் செய்தோம். பிறகு நான் குளியலறைக்குள் போய், அந்த அட்டை ஒட்டிய ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டு, ரியாவை ஒரேயடியாக அழித்தேன்.


ஜூலை 29, செவ்வாய்

என் பக்கத்தில் படுத்துக்கொள்கிறாள். கையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள். போனைத் தொடுவதே இல்லை. அவளாகவே என்னிடம் கொடுத்துவிட்டாள். நான் எதை நினைத்து ராத்திரி பகலாகக் கவலைப்பட்டேனோ அது தீர்ந்துபோயிற்று. சொன்ன சொல் கேட்கிறாள், முழு இட்லி சாப்பிடுகிறாள்.

சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும்? பெர்பெத்து என்னைப் பார்த்து, "யக்கா, சொல்லிருங்க" என்றாள். "உன் வேலையப் பாரு" என்றேன். அவள்மேல் எரிந்து விழ எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?


ஜூலை 31, வியாழன்

ஆட்டோவில் போக மாட்டேன் என்று காலையில் ஒரே பிடிவாதம்.

"அந்த ஆளு ஆட்டோ மாமாதாம்மா. யோசிச்சுப் பாத்துட்டேன். அன்னைக்குத் தலைவலின்னு அவருக்கு மட்டும்தான் தெரியும். வண்டியிலயே கேட்டாரு. வீடு தெரியும். நீ எப்ப வருவேன்னும் தெரியும்."

பரமசிவம் அண்ணாச்சி! ஒன்றாம் வகுப்பிலிருந்து இவளை ஏற்றிப் போகிற மனுஷன். "சேச்சே, அவரு இல்லட்டி. தலைவலி எனக்கும்தான் தெரியும்" என்றேன்.

"நீயாம்மா இப்படியெல்லாம் கேக்கப்போற?" என்றாள்.

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். நாளைக்குச் சொல்லிவிடலாம். நாளைக்கு இவரும் வருகிறார். இரண்டு பேரிடமும் சேர்த்தே சொல்லிவிடலாம்.


ஆகஸ்ட் 1, வெள்ளி

நான் சொல்வதற்கு முன்னால் அவள் சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் கடையில் இருக்கிறேன், இவரிடமிருந்து போன். "வல்லி, வீட்ல இவ்வளவு நடந்திருக்கு, ஒரு வார்த்த சொல்லல நீ. அந்தப் பரமசிவத்த இன்னைக்கு உண்டு இல்லன்னு பண்ணிட்டு வாரேன். பிள்ளையும் என்கூடத்தான் வாரா." நான் பேசுவதற்குள் வைத்துவிட்டார். இவர் சாமானியத்தில் கோபப்படாத மனுஷன். கோபம் வந்தால் கண்மண் தெரியாது.

பெர்பெத்துவிடம் ஒன்றும் சொல்லாமல் ஓடினேன். ஸ்கூட்டி ஸ்டார்ட் ஆகவில்லை. மிதித்த மிதியில் செருப்பு அறுந்தது. எதிர்க்காற்று வேறு.

ஆட்டோ ஸ்டாண்டில் கூட்டம். அண்ணாச்சியின் காக்கிச் சட்டையை இவர் கொத்தாகப் பிடித்திருக்கிறார். பொத்தான் தெறித்துக் கிடக்கிறது. கன்னம் ஒரு பக்கம் சிவந்திருந்தது. "நானும் பொட்டப்பிள்ள பெத்தவன் சார், அப்படிப் பேசாதீங்க" என்று அந்த மனுஷன் கும்பிடுகிறார். மிதுனா அப்பாவுக்குப் பின்னால் நிற்கிறாள்.

"விடுங்க அவர! அது நான்தான்!" என்று கத்தினேன்.

யாருக்கும் புரியவில்லை. "அந்த ரியா நான்தான். நான்தான் எழுதினேன். இவருக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல" என்றேன். என் போனை எடுத்து, அழிப்பதற்கு முன்னால் அவள் போட்டோ தர மறுத்ததைப் பெருமைக்குப் பிடித்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினேன்.

இவர் கை தானாக விழுந்தது. ஒரு டிரைவர் சிரித்துவிட்டார். அப்புறம் அவரும் நிறுத்திக்கொண்டார். மிதுனா மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வேற்று ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"எண்ணெய் தேச்சுக் குளிச்சியான்னு கேட்டது?"

"நான்தான்ட்டி. காலையில நீ குளிக்காமப் போயிட்டியேன்னு..."

முடிக்கவிடவில்லை. விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு ஆன கதை என்பார்கள். குரங்காவது பரவாயில்லை.


ஆகஸ்ட் 2, சனி

காலையில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ரியா என் படத்தப் பத்திச் சொன்னதாவது நெசமா?"

"நெசம்ட்டி. எல்லாமே நெசம்."

கதவைச் சாத்திக்கொண்டாள்.


ஆகஸ்ட் 6, புதன்

நானும் இவருமாகப் பரமசிவம் அண்ணாச்சி வீட்டுக்குப் போனோம். பழம் வாங்கிப் போயிருந்தோம். அவர் மனைவி வாங்கி ஓரமாக வைத்தார்; உட்காரச் சொல்லவில்லை.

"நீங்க சொல்லிட்டீங்க, சரி. அன்னைக்கு அங்க நின்னவன் பாதிப் பேரு அடி வாங்குனதத்தான் பாத்தான். கடைசி வரைக்கும் நின்னு கேட்டவன் எத்தன பேரு? ரெண்டு வீட்ல பிள்ளைகள அனுப்ப மாட்டேன்னுட்டாங்க. நானும் ஸ்கூல் சவாரியே வேண்டாம்னு விட்டுட்டேன் மேடம்" என்றார். இத்தனை வருஷம் என்னை "தங்கச்சி" என்றுதான் கூப்பிடுவார்.

அந்த இரண்டு வீட்டுக்கும் நானே போய் நடந்ததைச் சொன்னேன். அவமானம் பிடுங்கித் தின்றது. ஒரு வீட்டில் நம்பினார்கள். இன்னொரு வீட்டில் அந்த அம்மா, "கேசு வந்துரும்னு புருஷன் சொல்லிக்கொடுத்து அனுப்பினாராக்கும்" என்றாள்.


ஆகஸ்ட் 10, ஞாயிறு

பேசினாள். ராசியாக இல்லை, சண்டையாக. இருந்தாலும் பேச்சு பேச்சுதானே.

"நான் ரியாகிட்ட உன்னப் பத்திச் சொல்லும்போதெல்லாம் நீ அங்க உக்காந்து கேட்டுட்டு இருந்திருக்க. நான் பாக்காம இருக்கும்போது என் ரூமுக்குள்ள வந்து நின்ன மாதிரி இருக்கு. எவனோ ஒருத்தன்னாகூட பிளாக் பண்ணிட்டுப் போயிருவேன். உன்ன என்ன பண்ணுறது?"

சொல்ல இருந்ததெல்லாம் "பயம்" என்கிற ஒரே சொல்தான். அதை அவள் ஏற்கெனவே ரியாவிடமிருந்து கேட்டிருக்கிறாள்.

மத்தியானம் இவர் நடுவில் உட்கார்ந்து பஞ்சாயத்துச் செய்தார். புதுப் பக்கம் ஆரம்பித்துப் படம் போடலாம். யார் என்ன கேட்டாலும் எங்களிடம் சொல்ல வேண்டும். நான் ஒளிந்து பார்க்கக் கூடாது. "சத்தியமா வர மாட்டேன்" என்றேன். உதட்டைச் சுழித்தாள். நம்பினாளா, இல்லையா, தெரியவில்லை. சாயங்காலம் ஒரு காற்றாடி வரைந்துகொண்டிருந்தாள். அதைப் பார்த்ததே எனக்குப் போதும்.


ஆகஸ்ட் 14, வியாழன்

வீட்டில் கொஞ்சம் வெளிச்சம். நான் கடையிலிருந்து வரும்போது வாசலிலேயே நின்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், திருட்டுத்தனமாக. தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து, "நடிப்புல முன்னைக்கு இப்ப தேறிட்டம்மா" என்றாள்.

"என்னட்டி நடிப்பு?"

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. ஊத்து."

எனக்குப் புரியவில்லை. நேற்று அவள் படத்தை வாய் நிறையப் பாராட்டினேன், அதைச் சொல்கிறாளோ என்னவோ. போகட்டும். பிள்ளை என்னைக் கிண்டல் செய்கிறாள். கோபம் தீராமல் யாராவது கிண்டல் செய்வார்களா? இன்றைக்கு நான் நன்றாகத் தூங்குவேன்.


ஆகஸ்ட் 17, ஞாயிறு

மகளிர் ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன். புகார் கொடுத்தாயிற்று. எல்லாவற்றையும் படம் பிடித்து வாங்கிக்கொண்டார்கள். பிளாக் செய்ய வேண்டாம், பதில் மட்டும் போட வேண்டாம் என்றார்கள். இந்த வாரம் முழுக்க நான் லீவு. இவரும் கயத்தாற்றுக்குப் போகவில்லை. கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கிறது.

காலையில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சிரித்துக்கொண்டே வந்து கட்டிலில் விழுந்தாள்.

"ம்மா, போதும். இதோட நிறுத்திக்கோ. செவ்வாக்கிழமையெல்லாம் வர வேண்டாம்னு சொல்லிரு."

"யாரு வாராங்க?"

"சில்வியா." கண்ணைச் சிமிட்டினாள். "தென்காசி சில்வியா. முதல் நாளே கண்டுபிடிச்சிட்டேன். இந்தத் தடவ கொஞ்சம் உசாராத்தான் எழுதியிருக்க, அதான் நானும் உன்ன நல்லா ஓட்டுனேன். ஆனா ஆம்பளக் குரல்ல பேச வச்சுப் பயமுறுத்தப் பாத்த பாரு, அது ஓவர்மா. யாரு, அப்பா கம்பெனி ஆளா?"

போனை வாங்கிப் பார்த்தேன். பதினாறு வயதுப் பெண்ணாம். உன் படம் அழகு, எந்த ஸ்கூல், எந்தத் தெரு. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறாள். "உனக்குத் தெரியாதாக்கும்" என்று சிரிக்கிற பொம்மை போட்டுப் பள்ளிப் பெயரைச் சொல்லியிருக்கிறாள். நம் வீட்டு வாசலைப் படம் எடுத்து, "அடையாளம் தெரியுதா" என்று அனுப்பியிருக்கிறாள். யூனிஃபார்மில் நாக்கைத் துருத்திக்கொண்டு தன் முகத்தை அனுப்பியிருக்கிறாள். "அம்மா ஏழு மணிக்கு மேலதான் வருவாங்க, அதுகூட நான் சொல்லணுமா" என்று எழுதியிருக்கிறாள்.

கடைசியில் ஒரு குரல் பதிவு. அழுத்தினேன். "செவ்வாக்கிழமை அந்தப் பக்கம் வாரேன். அம்மா வாரதுக்கு முந்தியே வந்துருதேன், என்னா?" என்று ஒரு ஆள் பேசினான். நிதானமாக, ரொம்பப் பழக்கப்பட்டவன் மாதிரி பேசினான்.

"மிது, இது நான் இல்ல."

"சரி, சரி." சிரித்தாள்.

"ஏட்டி, நான் இல்லட்டி. அப்பாவாண நான் இல்ல."

"போன தடவையும் அவன் வர மாட்டான்னு சொல்லி, என்னோட சேந்து பிளாக் பண்ணுனவதான நீ?"

என் போனைத் திறந்து அவள் மடியில் போட்டேன். எல்லாவற்றையும் தேடினாள். இவரைக் கூப்பிட்டேன். பல் விளக்கிக்கொண்டிருந்தவர் நுரையோடு ஓடிவந்தார். அவர் முகத்தைப் பார்த்தாள். திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு உதட்டில் அப்படியே இருந்தது, போக மாட்டேன் என்கிற மாதிரி.

"நீன்னு சொல்லும்மா" என்றாள்.

"நான் இல்ல, கண்ணு."

"பரவால்ல, நான் கோவப்பட மாட்டேன். நீதான்னு சொல்லிரு."

நானாக இருந்திருக்கக் கூடாதா என்று எனக்கும் இருந்தது. நான் இல்லை, நான் இல்லை என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் நம்பினாள். நம்பின பிறகுதான் அழ ஆரம்பித்தாள்.